காது மேல்மடலில் குத்த ஆசை: இண்டஸ்ட்ரியலா, ஹெலிக்ஸா? எப்படிப் பார்த்துக்கொள்வது?

செவ்வந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காதின் மேல்மடலில் குத்திக்கொள்ள வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. இப்போது சொந்தச் சம்பாத்தியம், வீட்டிலும் சம்மதம் கிடைத்துவிட்டது. எனக்குப் பிடித்தது இண்டஸ்ட்ரியல். அதாவது மடலின் ஒரு ஓரத்தில் நுழைந்து குறுக்கே போய் மறு ஓரத்தில் வெளியே வரும் நீளக் கம்பி. அது முடியாவிட்டால் ஓரத்தில் ஒரே ஒரு ஹெலிக்ஸ்.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலை முழுக்கத் தொலைபேசியில், எட்டு மணி நேரமும் காதில் ஹெட்செட். போவதும் வருவதும் ஸ்கூட்டரில், முகம் முழுக்க மூடும் ஹெல்மெட். இடது பக்கம் ஒருக்களித்தால்தான் தூக்கம் வரும். கீழ்க்காதில் சின்ன வயதில் குத்தியது, அதில் இன்று வரை ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு மேல்கையில் தடுப்பூசி போட்ட இடம் தடித்துப் புடைத்து, ஊசி பட்ட இடத்தைத் தாண்டிப் பரவியிருக்கிறது. எனக்கும் அப்படி வருமோ என்று பயமாக இருக்கிறது.

ஓர் அலங்காரக் கடையில் கன் (கம்மலை அழுத்திச் செலுத்தும் துப்பாக்கி மாதிரியான கருவி) வைத்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். தோழி ஒருத்தி, தினமும் கம்மலைச் சுற்றிவிடாவிட்டால் சதையோடு ஒட்டிக்கொள்ளும் என்கிறாள். இன்னொருத்தி ஆறே வாரத்தில் ஆறிவிடும் என்கிறாள். எதை நம்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

நீலவண்டி எழுதியது:

எனக்கு வலது காதில் ஹெலிக்ஸ், இடது காதில் காஞ்ச், அதாவது காதின் நடுக் குழிவில் குத்துவது. குத்தும்போது வலி ஒன்றும் பெரிதில்லை, சுருக்கென்று ஒரு நொடி, அப்புறம் காது முழுக்கச் சூடு. கஷ்டம் தூக்கத்தில்தான். கழுத்தைச் சுற்றிப் போடும் பயணத் தலையணை ஒன்று வாங்கிவிடுங்கள். அதைப் படுக்கையில் வைத்து, காது நடுவில் இருக்கும் ஓட்டைக்குள் வருகிற மாதிரி படுத்தால் எதுவும் அழுத்தாது. எனக்கு அது இல்லாமல் முதல் சில மாதம் ஓடியிருக்காது. அப்புறம், இரண்டு காதிலும் ஒரே நாளில் குத்திக்கொள்ளாதீர்கள். படுக்க ஒரு பக்கமாவது வேண்டும்.

நுனிஊசி எழுதியது:

செவ்வந்தி, எனக்கு இதுதான் தொழில், பல வருடமாகச் செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று மனதில் பதியட்டும். கீழ்க்காதும் மேல்மடலும் பார்க்க ஒரே காதுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு திசு. கீழே தொங்கும் பகுதியில் குருத்தெலும்பு கிடையாது. வெறும் சதையும் கொழுப்பும்தான், ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் ஆறுகிறது. மேல்மடலில் இருப்பது குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக்குழாயே இல்லை. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில்தான் ரத்தம் ஓடுகிறது. வாய்க்கால் வராத நிலம் பக்கத்து ஈரம் கசிந்து நனைவது போல, குருத்தெலும்பு அந்தச் சவ்விலிருந்து கசிந்து வருவதை வைத்தே பிழைக்கிறது. காயம் பட்டால் ஆற்றுவதற்கான சரக்கும், கிருமியோடு மோதும் வெள்ளை அணுக்களும் அங்கே மெதுவாகத்தான் போய்ச் சேரும். அதனால் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழி ஆறு வாரம் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. துளை வெளியிலிருந்து உள்ளே நோக்கி ஆறும். இரண்டு வாயிலும் தோல் மூடி, சிவப்பு போய், வலியும் போய்விடும். பார்த்தால் ஆறிவிட்டது என்றே தோன்றும். நடுவில் இன்னும் பச்சைக் காயம்தான். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் கம்பியைக் கழற்றி ஆசைப்பட்ட வளையத்தை மாட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்துக் காதைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வலி நின்றதை ஆறியதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. இண்டஸ்ட்ரியலுக்கு ஆசைப்படும் எல்லோருக்கும் அதற்கான காது அமைவதில்லை. மேல்மடலில் ஓரம் நன்றாக மடிந்திருக்க வேண்டும், அந்த இரண்டு ஓரங்களுக்கு நடுவே பள்ளம் இருக்க வேண்டும். நடுவில் மேடு துருத்திக்கொண்டிருந்தால் கம்பி அதன் மேல் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருக்கும், அந்த இடம் புண்ணாகும். கண்ணாடி முன்னால் நின்று ஒரு பென்சிலை மடலின் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் தட்டினால் அந்த ஆசையை விட்டுவிடலாம். தட்டாவிட்டாலும் என் அபிப்பிராயம் முதலில் ஹெலிக்ஸ்தான். இண்டஸ்ட்ரியலில் ஒரே கம்பி இரண்டு காயத்தில் போகிறது. ஒரு முனையை ஹெல்மெட் இடித்தால் இரண்டு துளையும் ஆடும். தினமும் ஹெட்செட், ஹெல்மெட் இரண்டும் போடுகிற உங்களுக்கு அது வேண்டாம்.

எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: வலது. இடப்பக்கத் தூக்கத்தை மாற்ற முயல்வதை விட வலது காதில் குத்துவது சுலபம். ஹெட்செட்டை ஒற்றைக் காது மாடலாக மாற்றித் தருவார்களா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது, உயிர் சம்பந்தப்பட்டது. போடும்போது இரண்டு பக்கப் பட்டையையும் நன்றாக வெளியே விரித்துப் பிடித்து, காதை உரசாமல் நேராக இறக்குங்கள், கழற்றும்போதும் அப்படியே. ஒரு வாரத்தில் கை பழகிவிடும். உள் உறையைத் துவைத்து வையுங்கள்.

நகை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். முதல் நகை டைட்டானியமாக இருக்கட்டும். உடலுக்குள் வைக்கும் தரம் என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்136 என்ற எண் இருக்கும், அதைக் கேளுங்கள். கடையில் 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று சொல்வார்கள். அந்தப் பெயரில் பல கலவைகள் விற்கின்றன, நிக்கல் பெரும்பாலானவற்றில் இருக்கும். நிக்கல் ஒவ்வாத உடம்புக்கு அரிப்பும் நீர்க்கசிவும் வரும், அதைக் கிருமித்தொற்று என்று நினைத்து மருந்து தேடி அலைவார்கள். வடிவத்தில், பின்பக்கம் தட்டையான வட்டத் தகடு வைத்த நேர்க்கம்பிதான் சரி. வளையம் முதலில் வேண்டவே வேண்டாம். அது வளைந்திருப்பதால் துளையை ஒரு பக்கம் இழுக்கும், தூக்கத்தில் சுழன்று வெளியே காய்ந்திருக்கும் பொருக்கைக் காயத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

முதல் கம்பி கொஞ்சம் நீளமாகத்தான் போடுவோம், வீக்கத்துக்கு இடம் வேண்டுமே. பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். வீக்கம் வடிந்த பிறகு அதே நீளம் எதிரியாகிவிடும். முடியில் மாட்டும், துணியில் மாட்டும், ஆடி ஆடித் துளையைச் சாய்த்துவிடும். அதனால் 6 முதல் 8 வாரத்தில் குத்தினவரிடமே திரும்பப் போய்க் கம்பியைக் குட்டையாக்கிக்கொள்ள வேண்டும். இதைப் பாதிப் பேர் செய்வதில்லை. மேல்மடலில் வரும் தொந்தரவுகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடுவதால் வருவது என்பேன்.

இனி தினசரிப் பராமரிப்பு. மருந்துக்கடையில் ஸ்டெரைல் சலைன் கேளுங்கள். லேபிளில் 0.9 சதவீத சோடியம் குளோரைடும் தண்ணீரும் மட்டும் இருக்க வேண்டும். காலையும் இரவும் கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, முன்னாலும் பின்னாலும் தெளியுங்கள். இரண்டு நிமிடம் விட்டால் பொருக்கு ஊறி மென்மையாகும். ஊறியது தானாக வந்தால் காஸ் துணியால் ஒற்றி எடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். நகத்தால் பெயர்க்காதீர்கள், பஞ்சும் வேண்டாம், நூல் கம்பியில் சுற்றிக்கொள்ளும். கடைசியாக நன்றாக உலர்த்துங்கள், ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்று வைத்தால் போதும். பின்பக்கத் தகட்டுக்கு அடியில் ஈரம் தங்குவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

இவ்வளவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், டெட்டால், களிம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். முதல் மூன்றும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் தோலையும் எரித்துவிடும். களிம்பும் எண்ணெயும் துளையை அடைத்து ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். வீட்டில் உப்பைக் கரைத்துக்கொள்ளலாமே என்பார்கள். கை அளவில் உப்பு கூடிப்போய்த் தோல் வறண்டு வெடிக்கும்.

கம்மலைச் சுற்றிவிடுவது பழைய பழக்கம். ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம், உலோகத்தோடு சதை அப்படிப் பிணைந்துவிடாது. ஒட்டுவது காய்ந்த நிணநீர். சுற்றும் ஒவ்வொரு முறையும் உள்ளே புதிதாகப் படர்ந்த தோல் கிழிகிறது. தொடாமல் இருப்பதைவிடச் சிறந்த மருந்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

செவ்வந்தி எழுதியது:

அக்கா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை, ரொம்ப நன்றி. பென்சில் வைத்துப் பார்த்தேன், நடுவில் நன்றாகவே தட்டுகிறது. அதனால் ஹெலிக்ஸ்தான். கன் பற்றியும் அம்மாவின் வடு பற்றியும் மட்டும் சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

கன் பற்றி நான் சொல்கிறேன். காது மூக்கு தொண்டை வார்டில் செவிலியராக இருக்கிறேன், இது எனக்கு நெருக்கமான விஷயம்.

கன் வைத்தால் குருத்தெலும்பு நொறுங்கிவிடும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். 2008-ல் இறந்தவர்களின் காதுகளில் ஊசியாலும் கன்னாலும் குத்தி நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. சேதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் அந்தக் காரணத்தை நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஆட்சேபம் சுத்தத்தில். பிளாஸ்டிக் உடல் கொண்ட கன்னை ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் கிருமி நீக்க முடியாது, உருகிவிடும். துடைத்துவிட்டு அடுத்த காதுக்குப் போவார்கள். இன்னொன்று, அதில் வரும் கம்மல் கீழ்க்காதின் அளவுக்குச் செய்தது. பின்பூட்டு இறுக்கமாக அமர்ந்துகொள்ளும், மேல்மடல் வீங்கினால் இடமே இருக்காது. கம்மல் சதைக்குள் புதைந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2000-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு நகைக் கடையில் மேல்மடல் குத்திக்கொண்டவர்களுக்குக் காது சீழ்பிடித்தது. 7 பேருக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா உறுதியானது, எல்லோரும் 10 முதல் 19 வயதுக்குள். சிலருக்கு அறுவை செய்து சீழ் எடுக்க வேண்டியதாயிற்று, சிலருக்குக் காதின் வடிவமே போய்விட்டது. விசாரித்துப் பார்த்ததில் அந்தக் கிருமி, கடையில் வைத்திருந்த கிருமிநாசினி பாட்டிலிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. 2004-ல் ஜாமா மருத்துவ இதழில் இதை விரிவாக எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் இந்தக் கிருமிக்கு வேலை செய்யாத வகை. என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையில் முக்கியமான பாடம் அதுதான். தோல் புண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், செபலெக்சின் எல்லாம் சூடோமோனாஸை ஒன்றும் செய்யாது. அதற்கு சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரியான மருந்து வேண்டும், அதையும் மருத்துவர்தான் பார்த்து எழுத வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாலு நாள் காத்திருப்பது காதைப் பணயம் வைக்கிற வேலை.

எப்போது ஓடி வர வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் சில நாள் துளையைச் சுற்றிச் சிவப்பு, சூடு, துடிப்பு, கொஞ்சம் வீக்கம் எல்லாம் இயல்பு. வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ மெல்லிய நீர் கசிந்து காய்வதும் இயல்பு, அது நிணநீர், வாரக்கணக்கில் வரும். குறைந்துகொண்டு வந்த வலி திரும்பக் கூடினால், சிவப்பும் வீக்கமும் துளையை விட்டு மடல் முழுக்கப் பரவினால், மடலை லேசாக மடக்கினாலே உயிர் போகிற மாதிரி இருந்தால், கெட்டியான பச்சை மஞ்சள் சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் அன்றே வாருங்கள். இதில் ஒரு தெளிவான அடையாளம் உண்டு. மேல் பகுதி முழுக்கச் சிவந்து பளபளவென்று வீங்கியிருக்கும், கீழே தொங்கும் சதை மட்டும் சாதாரணமாக இருக்கும். அங்கே குருத்தெலும்பு இல்லாததுதான் காரணம். அப்படிப் பார்த்தால் தொற்று குருத்தெலும்புச் சவ்வைப் பிடித்துவிட்டது என்று சந்தேகப்படுவோம். சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் சேர்ந்தால் அதற்கு வரும் ஊட்டம் நின்று அது செத்துவிடும். செத்த குருத்தெலும்பு திரும்ப வளராது, காது சுருங்கி மடங்கிப்போகும்.

கம்பியை நீங்களாகக் கழற்றிவிட்டு வர வேண்டாம். வாய் மூடி சீழ் உள்ளே அடைபடலாம். கழற்றுவதா வைப்பதா என்று பார்த்தபின் முடிவு செய்வார்கள்.

இந்தக் கிருமி தண்ணீரில் வாழ்வது. துளை ஆறும்வரை நீச்சல் குளம், ஆறு, கடல் எதிலும் தலையை முக்காதீர்கள். குளிக்கலாம், ஓடும் நீர் பட்டால் பயமில்லை. சர்க்கரை நோய், இதய வால்வுக் கோளாறு, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, இவற்றில் ஏதாவது இருந்தால் குத்துவதற்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

நுனிஊசி எழுதியது:

இரவுப்பணி சொன்னதை நூற்றுக்கு நூறு ஆமோதிக்கிறேன். நாங்கள் பயன்படுத்துவது உள்ளே குழலாக இருக்கும் ஒருமுறை ஊசி. மேல்மடலுக்கு 16 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர். உறை உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும், வேலை முடிந்ததும் ஊசி கூர்முனைக் கழிவு டப்பாவுக்குப் போக வேண்டும். ஆட்டோகிளேவ் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் இந்தக் கேள்வியில் சந்தோஷப்படுவார். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

புள்ளி வைத்ததும் அவசரப்படாதீர்கள். நேராக நின்று, முடியை வழக்கம்போல் விட்டு, கண்ணாடியில் பாருங்கள். பிடிக்காவிட்டால் அழித்து இன்னொரு தடவை வைக்கச் சொல்லுங்கள். ஊசி மடலின் பரப்புக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். சாய்ந்து போனால் தகடு ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கும், நீங்கள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் அங்கே புடைப்பு வந்துகொண்டே இருக்கும்.

அம்மாவின் வடுவைக் கேட்டீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கீலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டி வளரும் தடித்த வடு மாதிரி இருக்கிறது, ஆனால் தோல் மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். கீலாய்டு குடும்பத்தில் ஓடும், மாநிறம், கருமை நிறத் தோலுக்கு அதிகம் வரும், காது அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. உங்கள் உடம்பில் பழைய காயங்கள் எப்படி ஆறியிருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் தடுப்பூசித் தழும்பு, அம்மை வடு, கீழ்க்காதுத் துளை எல்லாம் தட்டையாக இருந்தால் கொஞ்சம் தைரியம் கொள்ளலாம், ஆனால் அது உத்தரவாதம் ஆகாது. எங்காவது ஒன்று தடித்திருந்தால் மேல்மடலைத் தொட வேண்டாம், நான் குத்திவிடவும் மாட்டேன். வெட்டி எடுத்தால் மட்டும் கீலாய்டு போகாது, பெரும்பாலும் திரும்ப வளரும். அதனால் ஸ்டீராய்டு ஊசியும் சேர்த்தே சிகிச்சை தருவார்கள்.

வெண்முத்து எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எனக்கு ஹெலிக்ஸ் குத்தி மூன்று மாதம் ஆகிறது. பின்பக்கம் துளையை ஒட்டிச் சிவப்பாக மிளகு அளவில் ஒரு உருண்டை. தொட்டால் ரத்தம் வருகிறது. இது கீலாய்டா?

நுனிஊசி எழுதியது:

பயப்படாதீர்கள். துளையின் வாயை ஒட்டியே இருப்பதும், ஈரமாகச் சிவந்திருப்பதும், தொட்டால் ரத்தம் வருவதும் பெரும்பாலும் உரசலால் வரும் புடைப்பின் குணம். கீலாய்டு கெட்டியாக, வழவழப்பாக, காயத்தின் எல்லையைத் தாண்டி மெல்ல மெல்ல வளரும், தானாகச் சுருங்காது. உங்களுடையதற்குக் காரணத்தைத் தேடுங்கள். அந்தப் பக்கம் படுக்கிறீர்களா? முதலில் போட்ட நீளக் கம்பியே இன்னும் இருக்கிறதா? முடி சுற்றுகிறதா? காரணத்தை நீக்கினால் சில வாரத்தில் தானாக வற்றும். டீ ட்ரீ எண்ணெய், ஆஸ்பிரின் பசை என்று இணையத்தில் சொல்வதையெல்லாம் தடவாதீர்கள், வெந்துபோய்ப் பெரிதாகும். காரணத்தை நீக்கியும் வற்றாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வெண்முத்து எழுதியது:

அதே நீளக் கம்பிதான் இருக்கிறது. பின்னால் கொஞ்சம் ஆடுகிறது. நாளைக்கே போய் மாற்றிவிடுகிறேன்.

நீலவண்டி எழுதியது:

ஒரு சந்தேகம். டெய்த் (காதுத் துவாரத்துக்கு மேலே உள்ள உள்மடிப்பில் குத்துவது) குத்தினால் ஒற்றைத் தலைவலி போகும் என்கிறார்களே, செவ்வந்திக்கு அதையும் சொல்லலாமா?

இரவுப்பணி எழுதியது:

போனதாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதை நிரூபிக்கும் தரமான ஆய்வு கிடையாது. அழகுக்காக டெய்த் குத்துங்கள், தலைவலிக்கு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

செவ்வந்தி எழுதியது:

என் தடுப்பூசித் தழும்பைப் பார்த்தேன், தட்டையாகச் சுருங்கிய தோல் மாதிரி இருக்கிறது. முழங்காலில் ஆழமாக விழுந்த காயத்தின் வடுவும் தட்டைதான். அம்மாவை அடுத்த வாரம் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன், அப்போது என் காதையும் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். அவர் சரி என்றால் வலது காதில் ஹெலிக்ஸ், டைட்டானியம், தட்டைத் தகடு. அலுவலகத்தில் ஒற்றைக் காது ஹெட்செட் தருவதாகச் சொல்லிவிட்டார்கள்! போகும் அன்று ஏதாவது கவனிக்க வேண்டுமா அக்கா?

நுனிஊசி எழுதியது:

மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவது ரொம்ப நல்லது. முடி வெட்டவோ சாயம் போடவோ நினைத்திருந்தால் முந்தின வாரமே முடித்துவிடுங்கள், அப்புறம் பல வாரம் ரசாயனம் எதுவும் காதருகே வரக்கூடாது. தலைக்குக் குளித்து முடியை நன்றாக உலர்த்திக்கொண்டு போங்கள். தலை வழியாகக் கழற்றாத, முன்பக்கம் பொத்தான் வைத்த உடுப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோ சளியோ இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் ஊசி போடுவதற்கு முன்பே தலை சுற்றும். கம்பி குட்டையாக்கும் நாளை அங்கேயே குறித்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.